எலும்பு மருந்தும் முழங்கால் தேய்மானமும்

"எலும்பு தேய்ந்துவிட்டது, எலும்புக்குப் பலம் தரும் மருந்து வேண்டும்." முழங்கால் வலியோடு மருத்துவரிடம் செல்லும் நம்மவர்களில் பலர் இப்படித்தான் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. சுவர் உதிர்ந்தால் பூசுகிறோம். கூரை பழுதானால் வேய்கிறோம். அதுபோல எலும்பு தேய்ந்தால் எலும்பைப் பலப்படுத்த வேண்டியதுதானே? அதற்கென மருந்துகள் இருப்பதும் உண்மை. வாரத்திற்கு ஒரு மாத்திரையாகவும், ஆறு மாதத்திற்கு ஓர் ஊசியாகவும், ஆண்டுக்கு ஒரு முறை இரத்த நாளத்தின் வழியே ஏற்றும் மருந்தாகவும் அவை கிடைக்கின்றன.

அவ்வாறாயின் அந்த மருந்துகள் முழங்கால் வலியைத் தீர்க்குமா? இதுவே இன்று நாம் ஆராயவிருக்கும் கேள்வி. இதற்குச் சரியான விடை தெரியாமற் போனால் இருவகையில் தீங்கு நேரும். மருந்து தேவைப்படாதவர் வீணே பணத்தைச் செலவிடுவார். மருந்து உண்மையாகவே தேவைப்படுகிறவரோ, "முழங்கால் வலி குறையவில்லையே" என்று சொல்லி அதை நிறுத்திவிடுவார். இந்த இரண்டாவது தீங்கு முதலாவதைவிடப் பெரியது.

கேமரன் மலையை மனத்தில் கொண்டு இதைப் பேசுவது பொருத்தமாக இருக்கும். பகாங் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கும் மேலே அமைந்த மலைநாடு அது. 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் அப்பகுதியை அளந்தார். அவர் பெயராலேயே மலையும் வழங்கலாயிற்று. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் அங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தோன்றியது. காடாக இருந்த சரிவுகளைத் திருத்திக் கன்று நட்டவர்களிலும், பின்னர் அவற்றில் கொழுந்து பறித்தவர்களிலும் நம் தமிழ் மக்கள் பெரும்பங்கு வகித்தார்கள். இன்று அந்தச் சரிவுகளில் வேலை செய்வோரில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் மிகுதி. விரலால் கிள்ளிய காலம் போய், கத்திரியும் இயந்திரமும் வந்துவிட்டன. ஆனால் கையால் பறித்துக் கூடையில் சுமந்த தலைமுறையைச் சேர்ந்த தாய்மார்களும் பெரியவர்களும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், கம்போங் ராஜா வட்டாரங்களில் இன்னும் இருக்கிறார்கள்.

அவர்களுடைய முழங்கால்கள் என்ன பாடு பட்டிருக்கும் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். சமதரையில் நடக்கும்போதே ஒவ்வோர் அடிக்கும் உடல் எடையைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு சுமை முழங்காலில் இறங்குகிறது. படி இறங்கும்போது அது மூன்றரை மடங்கு வரை போகிறது. செயற்கை மூட்டினுள் அளவுகருவி பொருத்தி அளந்து கண்ட கணக்கு இது. முதுகிலே நிறைந்த கூடையுடன், மழையில் நனைந்த செம்மண் சரிவில், பல்லாண்டுகள் ஏறி இறங்கியவருக்கு அந்தச் சுமை எவ்வளவாக இருந்திருக்கும்! பாரம் சுமப்பதும், அடிக்கடி மண்டியிடுவதும், குந்தி எழுவதுமான தொழில்களைச் செய்பவர்களுக்கு முழங்கால் மூட்டுத் தேய்மானம் கூடுதலாக வருகிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலேசியாவில் நடத்தப்பெற்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்றில், வயது வந்தோரில் நூற்றுக்கு ஒன்பது பேர் முழங்கால் வலி இருப்பதாகக் கூறினார்கள். 55 வயதைக் கடந்தோரிடையே அது நூற்றுக்கு 23 ஆகவும், 65 வயதைக் கடந்தோரிடையே 39 ஆகவும் உயர்ந்தது. ஆகவே இது மலைத்தோட்டத்துக்கு மட்டும் உரிய நோயன்று. மலைத்தோட்டத்து உழைப்பு அதை விரைவுபடுத்துகிறது, அவ்வளவே. குளிரினால் இந்த நோய் வருவதில்லை. குளிர் காலையில் மூட்டின் விறைப்பு சற்று அதிகமாகத் தெரியும்.

இனி நம் கேள்விக்கு வருவோம். குழப்பத்துக்குக் காரணம் மருந்து அன்று, ஒரு சொல். "எலும்பு தேய்மானம்" என்ற ஒரே தொடரை நாம் முற்றிலும் வேறான இரண்டு நோய்களுக்குப் பயன்படுத்துகிறோம். ஒன்று மூட்டுத் தேய்மானம், மற்றொன்று எலும்புப்புரை. இவ்விரண்டையும் பிரித்தறிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

முதலில் மூட்டுத் தேய்மானத்தைப் பார்ப்போம். இரண்டு எலும்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. எலும்பும் எலும்பும் நேரடியாக உரசிக்கொள்ளாதபடி, அவற்றின் முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதன்மேல் எண்ணெயைப் போன்ற மூட்டு நீர் சுரந்து, உரசலை மேலும் குறைக்கிறது. வயது, உடற்பருமன், பழைய காயம், பரம்பரை, கடும் உழைப்பு ஆகியவற்றால் அந்தக் குருத்தெலும்பு சொரசொரப்பாகி, பிளந்து, மெலிந்துபோகிறது. குருத்தெலும்புக்கு இரத்த ஓட்டம் கிடையாது. ஆதலால் பழுதைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் அதற்கு மிகக் குறைவு. மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு அவ்வப்போது அழற்சியுற்று வீங்குகிறது. எலும்பின் ஓரங்களில் முள்ளைப்போன்ற புதிய வளர்ச்சிகள் தோன்றுகின்றன. இங்கே தேய்வது எலும்பின் உறை. எலும்போ பலவீனமடைவதில்லை. குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு பல நோயாளிகளிடம் தடித்து, முன்னைவிடக் கெட்டியாகவே ஆகிவிடுகிறது.

எலும்புப்புரை இதற்கு மாறானது. வெளியே பார்த்தால் உத்தரம் முழுதாகவே இருக்கும். உள்ளே செல்லரித்துப் பொந்தாகியிருக்கும் அல்லவா? அதுபோல எலும்பின் உருவம் மாறாமல், உள்ளிருக்கும் கட்டுமானம் மெலிந்துபோவதே எலும்புப்புரை. மாதவிடாய் நின்ற பெண்களிடமும் முதியவர்களிடமும் இது மிகுதி. நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து உட்கொண்டவர்களையும் இது பற்றும். எலும்பு முறியாதவரை இந்த நோயில் வலியே இருப்பதில்லை. கால் தடுக்கி விழுந்த அளவிலேயே இடுப்பெலும்போ மணிக்கட்டோ முறியும்போதுதான் நோய் வெளிப்படுகிறது. முதுகெலும்புகள் ஓசையின்றி நொறுங்கி, ஆள் உயரம் குறைந்து, கூன் விழுவதும் உண்டு. 1997ஆம் ஆண்டில் மலேசியாவில் 50 வயதைக் கடந்தோரிடையே ஏற்பட்ட இடுப்பெலும்பு முறிவுகளை ஆராய்ந்தபோது, சீனரிடையே அது மிகுதியாகவும், அடுத்தபடியாக இந்தியரிடையேயும், மலாய்க்காரரிடையே குறைவாகவும் காணப்பட்டது. ஆதலால் எலும்புப்புரை நமக்கு அயலான நோயன்று.

நினைவில் வைத்துக்கொள்ள எளிய வேறுபாடு ஒன்று உண்டு. மூட்டுத் தேய்மானம் வலிக்கும். ஆனால் எலும்பை முறிக்காது. எலும்புப்புரை எலும்பை முறிக்கும், முறியும்வரை வலிக்காது. சோதனைகளும் வேறு வேறு. முழங்கால் தேய்மானத்தை மருத்துவர் காலைத் தொட்டு ஆராய்ந்தும், தேவையானால் எக்ஸ்-ரே எடுத்தும் அறிவார். எலும்புப்புரையை அறிய எலும்பின் அடர்த்தியை அளக்கும் தனிக் கருவி இருக்கிறது. இளம் வயதினரின் சராசரியோடு ஒப்பிட்டு அந்தக் கருவி ஓர் எண்ணைத் தரும். அது மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழே இருந்தால் எலும்புப்புரை என்பது பொருள். ஒருவருக்கே இரு நோய்களும் சேர்ந்து இருக்கக்கூடும் என்பதையும் மறந்துவிடலாகாது.

அடுத்து, எலும்பு மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவோம். எலும்பு கல்லைப்போல உயிரற்ற பொருளன்று. அதில் நாள்தோறும் பழைய பகுதிகளைக் கரைக்கும் உயிரணுக்களும், புதிய பகுதிகளைக் கட்டும் உயிரணுக்களும் ஓயாது உழைத்துக்கொண்டிருக்கின்றன. இளமையில் இரு தரப்பும் சமமாக இருக்கும். முதுமையில் கரைப்பவர்கள் கை ஓங்கிவிடுகிறது. பிஸ்பாஸ்பொனேட் என்ற மருந்துக் குடும்பம் அந்தக் கரைக்கும் அணுக்களை அடக்குகிறது. இதன் வரலாறு சுவையானது. நீர்க்குழாய்களிலும் கொதிகலன்களிலும் சுண்ணாம்பு படியாமல் தடுக்கப் பாஸ்பேட் வகைப் பொருள்களைத் தொழிற்சாலைகளில் பயன்படுத்துவதுண்டு. அவற்றை ஒத்த பொருள் ஒன்று நம் உடல் திரவங்களிலும் இருப்பதை 1960களில் ஹெர்பர்ட் ஃபிளைஷ் என்ற சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளரும் அவருடைய குழுவினரும் கண்டார்கள். அந்த வழியைப் பின்பற்றிச் சென்றே, எலும்பு கரைவதைத் தடுக்கும் பிஸ்பாஸ்பொனேட்டுகளைப் பற்றி 1969இல் அவர்கள் அறிவித்தார்கள். அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரை 1995இல் அமெரிக்காவில் எலும்புப்புரைக்கு ஏற்கப்பட்டது. ரைசெட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம் ஆகியன அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலுக்கடியில் போடும் டெனோசுமாப் ஊசி வேறு வகை. எனினும் அதன் வேலையும் எலும்பு கரைவதைத் தடுப்பதே.

"அப்படியானால், இந்த மருந்தை மூட்டு நோய்க்குக் கொடுத்துப் பார்க்கும் எண்ணம் அறிஞர்களுக்கு ஏன் வந்தது?" என்று நேயர்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. மூட்டுத் தேய்மானத்தில் குருத்தெலும்பு மட்டும் கெடுவதில்லை. அதற்கு அடியிலுள்ள எலும்பும் இயல்புக்கு மீறிய வேகத்தில் கரைந்தும் வளர்ந்தும் மாறுகிறது. காந்த அலைப் படங்களில் எலும்பு மச்சையிலே சில புண்பட்ட பகுதிகள் தெரிகின்றன. அவை வலியோடு தொடர்புடையவை. அடித்தளம் ஆட்டம் கண்டால் மேல்தளம் விரியும் அன்றோ? ஆகவே அடித்தளத்தை நிலைப்படுத்தினால் மேலேயுள்ள குருத்தெலும்பு பிழைக்கும் என்று அவர்கள் எண்ணினார்கள். விலங்குகளிடம் செய்த சோதனைகளும் நம்பிக்கை ஊட்டின. எண்ணம் அழகானதே. ஆனால் மருத்துவத்தில் எண்ணம் மட்டும் போதாது. மனிதரிடம் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

அந்தச் சோதனையும் நடந்தது. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் முழங்கால் தேய்மானம் உள்ள 2,400க்கும் மேற்பட்டோரைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலருக்கு ரைசெட்ரோனேட் மாத்திரை. சிலருக்கு அதேபோலத் தோற்றமளிக்கும், மருந்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது, கொடுத்த மருத்துவருக்கும் தெரியாது. இரண்டு ஆண்டுகள் இவ்வாறு நடந்தது. 2006இல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை உண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் வலியிலே வேறுபாடில்லை. எக்ஸ்-ரேயில் மூட்டின் இடைவெளி குறுகுவதிலும் வேறுபாடில்லை.

இந்த ஆய்வில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இன்னொன்றும் உண்டு. இரு தரப்பினருக்குமே வலி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது! வெற்று மாத்திரை உண்டவர்களுக்கும் எப்படிக் குறைந்தது? மூட்டு வலி அலையைப்போல ஏறி இறங்கும் தன்மை உடையது. வலி மிகுந்திருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடிப் போகிறோம். சில வாரங்களில் அது தானே தணிகிறது. மருத்துவர் நம்மைக் கவனிக்கிறார் என்ற நம்பிக்கையும் வலியைச் சற்றுக் குறைக்கிறது. "பக்கத்து வீட்டு அக்கா அந்த ஊசியைப் போட்டுக்கொண்டார்; நன்றாகிவிட்டது" என்று நாம் கேள்விப்படும் செய்திகளில் பொய் இல்லை. ஆனால் ஊசியால்தான் நன்றானதா என்பது அந்தச் செய்தியிலிருந்து தெரியாது. ஒப்பிட்டுப் பார்க்க வெற்று மருந்து உண்ட ஒரு கூட்டம் தேவைப்படுவது இதனால்தான்.

ஸோலெட்ரோனிக் அமிலத்தின் கதையும் இதைப் போன்றதே. 2012இல் ஆஸ்திரேலியாவில் 59 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்றில், ஆறு மாதங்களில் வலி குறைந்ததாகவும், எலும்பு மச்சையின் புண்பட்ட பகுதி சிறுத்ததாகவும் கண்டார்கள். பலரும் மகிழ்ந்தார்கள். அதே நாட்டில் 223 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. குருத்தெலும்பு குறைந்துபோவதை அந்த மருந்து தடுக்கவில்லை. இதற்கிடையே 2018இல், பிஸ்பாஸ்பொனேட்டுகளைப் பற்றிய ஏழு ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 3,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் கணக்கிட்டுப் பார்த்தபோதும், முழங்காலுக்குக் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தெரியவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கழகம் தன் 2019ஆம் ஆண்டு வழிகாட்டியில், மூட்டுத் தேய்மானத்துக்காக இம்மருந்துகளைக் கொடுக்கவேண்டாம் என்று உறுதியாகவே கூறிவிட்டது.

பயன் தெரிந்த மருந்து ஒன்றாவது இல்லையா? ஸ்ட்ரான்ஷியம் ரானிலேட் என்றொரு எலும்பு மருந்து இருந்தது. 1,600க்கும் மேற்பட்டோரிடம் மூன்று ஆண்டுகள் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், முழங்கால் மூட்டு குறுகும் வேகத்தை அது சற்றுக் குறைத்தது. ஆனால் அதே ஆண்டிலேயே அம்மருந்து மாரடைப்பு ஆபத்தைக் கூட்டுவதாகத் தெரியவந்தது. ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014இல் அதன் உபயோகத்தைக் கடுமையாகச் சுருக்கியது. 2017இல் தயாரிப்பாளரே அதை நிறுத்திக்கொண்டார். 2024இல் பெல்ஜியத்திலிருந்து வேறொரு செய்தி வந்தது. விரல் மூட்டுகளை அரித்துச் செல்லும் ஒரு தனி வகைத் தேய்மானத்தில், வழக்கத்தைவிட இருமடங்கு அடிக்கடி டெனோசுமாப் ஊசி போட்டபோது அரிப்பு குறைந்தது. நூறு பேரிடம் நடந்த ஆய்வு அது. நம்பிக்கை தரும் தொடக்கமே. ஆனால் அது விரலைப் பற்றியது. முழங்காலுக்கு அதை நீட்டிப் பொருள்கொள்ளக் கூடாது.

ஆகவே முழங்கால் தேய்மானத்துக்கு எலும்பு மருந்து மருந்தாகாது என்பதே இன்றைய அறிவு.

ஆனால் நேயர்களே, இத்துடன் பேச்சை நிறுத்தினால் நான் பாதி உண்மையைத்தான் சொன்னவனாவேன். எலும்புப்புரை உள்ளவருக்கு இதே மருந்து உயிர்காப்புக்கு நிகரானது. முதுமையில் இடுப்பெலும்பு முறிந்தவர்களில் கணிசமானோர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களிலும் பலர் முன்போல நடமாடுவதில்லை. அத்தகைய முறிவை இம்மருந்துகள் குறைக்கின்றன. ஆகையால், விழுந்து மணிக்கட்டு முறிந்த பாட்டி ஒருவருக்கு மருத்துவர் வார மாத்திரை எழுதித் தந்திருந்தால், "ஆறு மாதம் தின்றும் முழங்கால் குடைச்சல் நிற்கவில்லை" என்று அதைத் தூக்கி எறியக் கூடாது. அந்த மாத்திரை முழங்காலுக்காகத் தரப்பட்டதன்று. அது வேலை செய்கிறதா என்பதை வலியைக் கொண்டு அறிய முடியாது. எலும்பு முறியாமல் இருப்பதே அது வேலை செய்வதற்கு அடையாளம். டெனோசுமாப் ஊசியின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. அதை இடையில் நிறுத்தினால் எலும்பு விரைவாகக் கரைந்து, முதுகெலும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கக்கூடும். நிறுத்துவதாயின் மருத்துவரிடம் கேட்டு, மாற்று மருந்து தொடங்கிய பின்னரே நிறுத்த வேண்டும்.

மாத்திரையை உண்ணும் முறையிலும் தேயிலை நாட்டவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் எழுந்தவுடன் சூடான தேநீர் ஒரு குவளை குடிப்பது மலையில் வழக்கம். அந்தத் தேநீரோடு அலெண்ட்ரோனேட் மாத்திரையை விழுங்கினால் மருந்து அநேகமாக வீணே. வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு உண்டாலே, அதில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் உடலில் சேருகிறது. தேநீர், காப்பி, பால், உணவு எதனோடு சேர்ந்தாலும் அந்தச் சிறு பங்கும் கெடும். ஆகவே காலையில் எழுந்ததும் ஒரு பெரிய குவளைத் தண்ணீருடன் மாத்திரையைக் கடிக்காமல் விழுங்க வேண்டும். பிறகு குறைந்தது அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து உட்காரவோ நிற்கவோ வேண்டும். இல்லையேல் மாத்திரை உணவுக்குழாயில் தங்கிப் புண்ணாக்கும். அதன் பிறகே தேநீர். சிறுநீரகம் பழுதடைந்தவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பல் பிடுங்க வேண்டியிருந்தால் மருந்து தொடங்குமுன் முடித்துக்கொள்வது நல்லது. ஏனெனில் அரிதாகத் தாடை எலும்பு கெடுவதுண்டு. பல ஆண்டுகள் உண்டவர்களுக்குத் தொடையில் புதிய வலி தோன்றினால் உடனே காட்ட வேண்டும். தொடையெலும்பில் அரிதாக ஏற்படும் விரிசலின் முன்னறிவிப்பாக அது இருக்கலாம். இத்தகைய பக்க விளைவுகள் அரியவையே. எலும்புப்புரை உள்ளவருக்கு இவற்றைவிடப் பயன் பெரிது. எலும்புப்புரை இல்லாத வெறும் முழங்கால் நோயாளிக்கோ பயன் இல்லை. பக்க விளைவு மட்டும் மிஞ்சும்.

அப்படியானால் தேய்ந்த முழங்காலுக்கு என்னதான் வழி? வழி உண்டு, அது மருந்துக் கடையில் இல்லை. மலேசியச் சுகாதார அமைச்சு 2013இல் வெளியிட்ட மூட்டுத் தேய்மான வழிகாட்டியும், பிற நாட்டு வழிகாட்டிகளும் முதலிடம் தருவது உடற்பயிற்சிக்கும் உடல் எடைக் குறைப்புக்கும்தான். "வலிக்கும் காலை ஆட்டலாமா?" என்று அஞ்ச வேண்டாம். தொடையின் முன்புறத் தசையே முழங்காலின் முட்டுக்கட்டை. வலிக்குப் பயந்து கால் ஓய்ந்திருந்தால் அந்தத் தசை வற்றும். தசை வற்றினால் சுமை முழுவதும் மூட்டின்மேல் விழும். வலி மேலும் கூடும். நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி, ஐந்து முதல் பத்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து மெல்ல இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை செய்யுங்கள். சில வாரங்களில் படியேறுவது எளிதாவதை உணர்வீர்கள். சமதரையில் நடப்பதும் நல்லது.

உடல் எடை கூடுதலாக இருந்தால் குறைக்க வேண்டும். ஒரு கிலோ எடை குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு நான்கு கிலோ சுமை குறைகிறது என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. மலையில் வாழ்பவர்கள் சரிவில் இறங்கும்போது கைத்தடி கொள்ளலாம். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். காய்கறி மூட்டையோ எரிவாயுத் தோம்போ, ஒரே தடவையில் சுமப்பதைத் தவிர்த்துப் பகிர்ந்து சுமக்கலாம். தரையில் குந்தி அமர்ந்து செய்யும் வேலையைத் தாழ்ந்த பலகையிலோ முக்காலியிலோ அமர்ந்து செய்யலாம். வெந்நீர் ஒத்தடமும், நம் வீட்டில் வழங்கும் தைலப் பூச்சும் விறைப்பைத் தளர்த்தும், செய்வதில் தவறில்லை. அவை போதாதபோது டைக்ளோஃபெனாக் போன்ற வலி நீக்கிக் களிம்பை முழங்கால்மேல் தடவலாம். அதே வகை மாத்திரைகள் வலியைக் குறைக்கும். ஆனால் இரைப்பையில் புண், சிறுநீரகக் கேடு, இரத்த அழுத்த உயர்வு ஆகியவற்றைக் கொண்டுவரக்கூடும். நீரிழிவு நம் சமூகத்தில் மிகுந்திருப்பதால், அவற்றை மருத்துவர் சொல்லாமல் நீண்ட நாள் உண்ணலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மூட்டு வலியை இரண்டே நாளில் போக்கும் என்று சொல்லிச் சந்தையிலும், வீடு தேடி வந்தும், கைப்பேசி வழியாகவும் விற்கப்படும் பெயர் தெரியாத மூலிகை மாத்திரைகளில் ஸ்டீராய்டு மருந்து களவாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறார்கள். அதை உண்டால் வலி மாயமாய் மறையும், முகம் உப்பும், சர்க்கரை ஏறும், மாதக்கணக்கில் உண்டால் எலும்பு புரையோடும். மூட்டு நோயோடு வந்தவர் எலும்பு நோயையும் விலைகொடுத்து வாங்கிக்கொள்வார்! திடீரென அதை நிறுத்துவதும் ஆபத்து; உண்டுவருபவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் எம்.ஏ.எல். என்ற எழுத்துகளும், அவற்றைத் தொடர்ந்து பதிவெண்ணும், மினுமினுக்கும் பாதுகாப்பு முத்திரையும் இருக்கும். வாங்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை அனைத்தும் செய்தும் இரவில் உறக்கம் கெடுகிறது, நாலு அடி நடக்க முடியவில்லை என்ற நிலை வந்தால், மூட்டு மாற்றுச் சிகிச்சை இருக்கிறது. தேய்ந்த பரப்பை நீக்கி உலோகமும் பிளாஸ்டிக்கும் கொண்ட செயற்கைப் பரப்பைப் பொருத்துவதே அந்தச் சிகிச்சை. முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் நூற்றில் எண்பதுக்கும் மேற்பட்டவை 25 ஆண்டுகள் நீடிக்கின்றன என்று 2019இல் வெளியான பெருங்கணக்கு ஒன்று கூறுகிறது. தானா ராத்தாவிலுள்ள அரசாங்க மருத்துவமனையில் முதலில் காட்டி, அவர்கள் அனுப்பினால் மலையிறங்கி எலும்பியல் நிபுணரைக் காணலாம். வயதாகிவிட்டது என்று வலியோடு முடங்கிக் கிடக்க வேண்டியதில்லை.

எனவே, அடுத்த முறை யாரேனும் உங்களிடம் "எலும்பு தேய்ந்துவிட்டது" என்று சொன்னால், மருந்தின் பெயரைக் கேட்குமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "தேய்ந்தது மூட்டா, புரையோடியது எலும்பா?" மூட்டு என்றால் பயிற்சி, எடைக் குறைப்பு, தேவையான அளவு வலி மருந்து, முடிவில் அறுவை. எலும்பு என்றால் எலும்பு மருந்து. அதை முறையாக, விடாமல் உண்ணுதல். இரண்டும் என்றால் இரண்டுக்கும் தனித்தனியே வைத்தியம். வீட்டிலுள்ள பெரியவர்களின் மருந்துப் பையை எடுத்து, எந்த மாத்திரை எதற்கு என்று ஒருமுறை மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ கேட்டு எழுதி வையுங்கள். வாழ்நாள் முழுவதும் மலைச்சரிவில் ஏறி இறங்கி நம்மை வளர்த்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய மிக எளிய கைம்மாறு அது.